பழைய கேமராவுக்கு என்ன கேடு?

புது மாடல் அறிவிப்பு வந்தால் போதும், நேற்றுவரை அருமையாகப் படம் எடுத்துக்கொண்டிருந்த கேமரா ஒரே ராத்திரியில் பழைய இரும்பாகிவிடுகிறது. "இன்னும் அதையா வச்சிருக்கீங்க?" என்று துக்கம் விசாரிக்க ஆள் வேறு வருகிறது.

சரி, கணக்கே பார்ப்போம். பழைய கேமராவின் 24 மெகாபிக்சல் என்றால் அகலத்தில் 6000, உயரத்தில் 4000 என்று மொத்தம் 2.4 கோடி புள்ளிகள். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கறாராக அச்சிட்டாலும் 20 அங்குல அகலத்துக்குப் படம் வரும். 4கே திரையை நிரப்பச் சுமார் 8 மெகாபிக்சல் போதும். இத்தனையும் எடுத்துக் கடைசியில் எங்கே போடுகிறார்கள்? வாட்ஸ்அப்பில்! அது பிழிந்து சக்கையாக்கித்தான் அனுப்புகிறது. இதற்கு 61 மெகாபிக்சல் வேண்டுமாம். அப்புறம் கோப்புகள் பெருத்துவிட்டன என்று புது ஹார்ட் டிஸ்க், அவற்றைத் திறக்கப் புது கம்ப்யூட்டர்.

பறவை, ஓட்டப்பந்தயம் என்று எடுப்பவர்களுக்கு வேகமான ஆட்டோஃபோகஸ் (கேமரா தானாகவே படத்தைத் தெளிவாக்கிக்கொள்ளும் வசதி) உதவும், மறுக்கவில்லை. புது மாடலுக்குப் பறக்கும் இவர்கள் எடுப்பதோ ஜன்னலோரம் தூங்கும் பூனையை. அது எங்கே ஓடப்போகிறது? நொடிக்கு 30 படம், அத்தனையிலும் அதே பூனை, அதே தூக்கம். லென்ஸில் படிந்த கைரேகையைத் துடைக்க மட்டும் யாருக்கும் நேரமில்லை.