விருந்துக்கு முன்னால் உண்டியல்

நம் தலைமைச் செயலகம் இருக்கிற கோட்டைக்கு ஏன் புனித ஜார்ஜ் பெயர்? அவர் இங்கிலாந்தின் காவல் புனிதர்; 1644 ஏப்ரல் 23, அவருடைய திருநாளன்று கட்டி முடித்ததால்தான். போன இடமெல்லாம் ஆங்கிலேயர் அந்தப் பெயரைக் கொண்டுபோனார்கள். நியூயார்க்கில் 1770-ல் அதே பெயரில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். இன்றும் நடக்கிறது.

சட்டையில் ரோஜா குத்திக்கொண்டு, விருந்து சாப்பிட்டு, ராஜா ராணியை வாழ்த்திவிட்டுக் கலைகிற கூட்டம் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். விருந்தும் உண்டு, சரி. ஆனால் 1772-ல் பிலடெல்பியாவில் தொடங்கிய புனித ஜார்ஜ் சங்கத்தின் முழுப்பெயரைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ‘துயரப்படும் ஆங்கிலேயருக்கு ஆலோசனையும் உதவியும்’ என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது! கப்பலில் வந்திறங்கி, வேலையும் இல்லாமல் கையில் காசும் இல்லாமல் நின்றவனுக்குக் கைகொடுக்கத்தான் சங்கமே. நியூயார்க் சங்கம் இன்றைக்கும் தள்ளாத வயதில் இருப்பவர்களுக்கு மாதாமாதம் பணம் கொடுக்கிறது. அதுவும் ஆங்கிலேயருக்கு மட்டுமல்ல, காமன்வெல்த் நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கும்.

நம்மை ஆண்டு சுரண்டியவர்களை மெச்சுகிறாயே என்று சிலர் கேட்பீர்கள். சுரண்டியதை நான் மறக்கவில்லை. இந்த ஒரு வழக்கத்தை மட்டும் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறேன்.

ஏனென்றால், அமெரிக்காவில் எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தின் செயற்குழுவில் நான் ஆறு வருடம் இருந்திருக்கிறேன். ஒரு பொங்கல் விழாக் கூட்டம். மெதுவடையா மசால்வடையா என்று முக்கால் மணி நேரமாகப் பேசிக்கொண்டிருந்தோம். மகள் பிரசவத்துக்கு ஊரிலிருந்து வந்த ஓர் அம்மா பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார், இன்சூரன்ஸ் கிடையாது. அவருடைய மருமகன் பில்லைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு, கூட்டம் முடியட்டும் என்று கதவோரமாகவே நின்றிருந்தார். கடைசியில் அவருக்கு ஐந்து நிமிடம் கொடுத்தோம். ‘வாட்ஸ்அப்பில் போட்டுவிடுகிறோம் தம்பி’ என்றோம். அப்படிச் சொன்னவர்களில் நானும் ஒருவன். அந்தப் பையன் தலையாட்டிய விதம் இன்னும் என்னை உறுத்துகிறது.

பரதநாட்டியமும் பட்டிமன்றமும் வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். என் பெண் தமிழ் பேசுவதே அந்த மேடையால்தான். ஆனால் யாராவது விழுந்தபிறகு உண்டியல் தூக்குவதை விட்டுவிட்டு, நிதியை முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டும். விதிமுறையிலேயே அதை எழுத வேண்டும்.

அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவரப் போகிறேன்: ஒவ்வொரு விழா டிக்கெட்டிலும் ஐந்து டாலர் இதற்கென்று தனிக் கணக்கில். கையெழுத்துப் போட இன்னும் எட்டுப் பேர் வேண்டும்.