நாள் குறிக்கும் முன் வாரத்தை எண்ணுங்கள்

என் தங்கையின் தலைப்பிரசவத்திற்கு ஜோதிடர் குறித்துக் கொடுத்த தாள் இன்னும் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய அந்தத் தாளில் மூன்று தேதிகளும், ஒவ்வொன்றுக்கும் நேரே நட்சத்திரமும் லக்னமும் எழுதப்பட்டிருக்கின்றன. குழந்தை தலை திரும்பாமல் உட்கார்ந்த நிலையில் இருந்ததால் சிசேரியன் என்று மருத்துவர் முடிவு செய்திருந்தார். அந்த முடிவு சரியென்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால், "எப்படியும் ஆபரேஷன்தானே, நல்ல நாளாகப் பார்த்துவிடலாம்" என்று பெரியவர்கள் சொன்னபோது, அவர்கள் தேர்ந்த நாள் 37 வாரம் முடிந்த மறுநாளே வருகிறது என்பதை நாங்கள் யாரும் பொருட்படுத்தவில்லை, மருத்துவமனையும் மறுக்கவில்லை.

பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் குழந்தைக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்ளிழுத்துக்கொண்டதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். நான்கு நாட்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தைக்கு, நிமிர்ந்து உட்காரவும் முடியாத தையல் வலியோடு தங்கை பால் பீய்ச்சிக் கொடுத்தனுப்பினாள்.

கருவில் குழந்தையின் நுரையீரல் நீரால் நிறைந்திருக்கிறது. பிரசவ வலியின்போது உடலில் நிகழும் ஹார்மோன் மாற்றங்களே அந்த நீர் வற்றப் பெரிதும் உதவுகின்றன. வலி எடுக்கும் முன்பே, அதுவும் வாரம் நிறையாமல் எடுக்கப்படும் குழந்தை மூச்சுத்திணறும் வாய்ப்பு கூடுவது இதனால்தான். வேறு அவசரம் இல்லையென்றால் திட்டமிட்ட சிசேரியனை 39 வாரத்திற்கு முன் செய்ய வேண்டாம் என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்வதும் இதனால்தான்.

நஞ்சுக்கொடி கர்ப்பப்பையின் வாயை மூடியிருந்தாலோ, முந்தைய பிரசவத்தில் கர்ப்பப்பையை நெடுக்காகக் கீறியிருந்தாலோ வலிக்காகக் காத்திருப்பதே ஆபத்து. அங்கே 39 வாரத்திற்கு முன்பே அறுவை செய்ய வேண்டியிருக்கும். அப்படிப் பெற்றவளிடம் "சுகப்பிரசவம் ஆகலையா?" என்று இழுத்துக் கேட்பது கொடுமை. ஆனால் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன், தனியார் மருத்துவமனைகளில் 63.8 சதவீதம், நாடு முழுவதற்குமான அளவோ 21.5 சதவீதம். இத்தனைக்கும் மருத்துவக் காரணம் இருந்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை. "கொடி சுத்தியிருக்கு" என்ற ஒரு சொல்லைக் கேட்டதுமே கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். கழுத்தில் தொப்புள்கொடி சுற்றியபடி நலமாகப் பிறக்கும் குழந்தைகள் ஏராளம். அது மட்டுமே அறுவைக்குக் காரணமாகாது.

இரத்தப்போக்கு, கிருமித்தொற்று, காலில் இரத்தம் உறைதல் ஆகியவற்றைப் பற்றிக் கையெழுத்து வாங்கும்போதாவது சொல்கிறார்கள். அடுத்த கர்ப்பத்தைப் பற்றித்தான் பேச்சே எழுவதில்லை. பழைய தழும்பின்மேல் நஞ்சுக்கொடி ஒட்டி உள்ளே ஊடுருவிவிட்டால், பிரசவத்தில் அது பிரியாமல் பெருகும் இரத்தத்தை நிறுத்தக் கர்ப்பப்பையையே எடுக்க நேரலாம். ஒவ்வொரு சிசேரியனுக்கும் இந்த ஆபத்து ஏறிக்கொண்டே போகிறது. இரண்டு மூன்று பிள்ளைகள் வேண்டும் என்று நினைக்கும் பெண்ணுக்கு முதல் அறுவைக்கு முன்பே இதைச் சொல்லியாக வேண்டும்.

தங்கை இப்போது மீண்டும் கருவுற்றிருக்கிறாள். ஐந்தாம் மாத ஸ்கேன் முடிந்து வந்தவளிடம், குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்கும் முன் நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது என்றுதான் கேட்டேன். மேலே, தழும்பை விட்டு விலகி இருக்கிறதாம்.