எஸ்.ஏ.பி. கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன்னால்

டிகிரி முடித்த பிள்ளையை எஸ்.ஏ.பி. கோர்ஸில் சேர்க்கலாமா, சேர்த்தால் சம்பளம் எவ்வளவு வரும் என்று கேட்பவர்கள் இந்த வருடம் ரொம்பவே கூடிவிட்டார்கள். வள்ளியூர், அம்பை, சங்கரன்கோவில் என்று எங்கிருந்து போன் வந்தாலும் இதே கேள்விதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, பொதுவில் எழுதிவிடுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணக்கும் தெரியாமல் சரக்கும் தெரியாமல் காலேஜிலிருந்து நேராக வரும் பிள்ளைக்கு, வீட்டு நகையை அடகு வைத்து இந்தக் கோர்ஸ் கட்டுவது வீண். கங்கைகொண்டான் சிப்காட்டிலோ தூத்துக்குடி ஷிப்பிங் ஆபீசிலோ நாலைந்து வருடம் பில்லோடும் ஸ்டாக்கோடும் மல்லுக்கட்டியவருக்கோ இதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது. ஆனால் என்னிடம் வந்து கேட்பவர்கள் முதல் வகைதான். இரண்டாவது வகையினருக்கு இது தங்களுக்கான வேலை என்ற நினைப்பே இல்லை.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஐ.பி.எம். வேலையை விட்டு வந்த ஐந்து பேர் 1972-இல் ஜெர்மனியில் தொடங்கிய கம்பெனி எஸ்.ஏ.பி. கொள்முதல், ஸ்டோர், உற்பத்தி, விற்பனை, கணக்கு எல்லாவற்றையும் ஒரே மென்பொருளுக்குள் கொண்டுவருவதுதான் அதன் சோலி. ஸ்டோரில் சரக்கை இறக்கி என்ட்ரி போட்ட அந்த நிமிடமே கணக்குப் பிரிவில் பற்று வரவு விழுந்துவிடும். இதைக் கம்பெனியின் நடைமுறைக்குத் தக்கபடி அமைத்துக் கொடுப்பவர் ஃபங்ஷனல் கன்சல்டன்ட். அபாப் மொழியில் புரோகிராம் எழுதுபவர், சர்வரைப் பார்த்துக்கொள்ளும் பேசிஸ் ஆள் என்று மற்றவர்களும் உண்டு.

ஆள் தேவை என்பது பொய்யில்லை. ஈ.சி.சி. என்ற பழைய பதிப்புக்கு 2027 கடைசியோடு வழக்கமான பராமரிப்பு முடிகிறது. முதலில் 2025 என்றார்கள், 2020-இல் அதை இரண்டு வருடம் தள்ளிவைத்தார்கள். கூடுதலாகப் பணம் கட்டினால் 2030 வரை இழுக்கலாம். அதற்குள் 2015-இல் வந்த எஸ்-ஃபோர் ஹானா என்ற புதுப் பதிப்புக்கு மாற வேண்டும். மாறாத கம்பெனிகள் இன்னும் ஏராளம். போதாக்குறைக்கு நம் நாட்டுச் சட்டங்களும் வேலை வைக்கின்றன. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது இந்த எஸ்.ஏ.பி. தொழிலில் இருக்கும் எங்களில் பாதிப் பேர் வீட்டுக்கே போகவில்லை. பில்லை அரசுத் தளத்தில் பதிவு செய்ய வேண்டிய இ-இன்வாய்ஸ் 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு வந்தது. 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு இறங்கிவிட்டது.

ஆனால் தேவை யாருக்கு? இங்கேதான் இன்ஸ்டிடியூட்காரர்கள் சொல்வதும் நடப்பதும் பிரிகின்றன.

தெற்கே ஒரு ஆலையில் நான் கண்ணால் பார்த்தது. துறைமுகத்திலிருந்து நிலக்கரி லாரி வருகிறது. ஏற்றிய இடத்தில் ஒரு எடை, ஆலை வாசல் வே-பிரிட்ஜில் இன்னொரு எடை. மழை பெய்தால் எடை கூடும், வெயிலில் வடிந்தால் குறையும். லேபில் ஈரப்பதம் பார்த்து, அதைக் கழித்துத்தான் பணம் கொடுப்பார்கள். சிஸ்டத்துக்கு இது எதுவும் தெரியாது. ஆர்டர் எவ்வளவு, இறங்கியது எவ்வளவு, பில்லில் போட்டது எவ்வளவு என்று மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கும். சொல்லிக்கொடுத்த வரம்பைத் தாண்டினால் பணம் போகாதபடி பில்லைப் பேமெண்ட் பிளாக்கில் தள்ளிவிடும். அமைத்துக் கொடுத்த தம்பி நல்ல படிப்பாளி, சர்டிபிகேட் வைத்திருந்தவர். போல்ட் நட்டுக்கு வைக்கிற வரம்பையே நிலக்கரிக்கும் வைத்துவிட்டார். மாதக் கடைசியில் நிலக்கரி பில் அத்தனையும் பிளாக். லாரிக்காரர்கள் கேட்டில் நின்று சத்தம் போடுகிறார்கள். டிப்ளமோ படித்த ஸ்டோர் அண்ணாச்சி ஒருவர் வந்து, “ஏல தம்பி, கரியில தண்ணி இருக்கும்லா?” என்றார். பிரச்சினை என்ன என்று அப்போதுதான் அந்த அறையில் இருந்தவர்களுக்குப் புரிந்தது. ஸ்கிரீனில் எங்கே மாற்ற வேண்டும் என்பது அண்ணாச்சிக்குத் தெரியாது. அதைச் சொல்லிக்கொடுக்க ஒரு வாரம் போதும். அவருக்குத் தெரிந்ததை அந்தத் தம்பிக்குச் சொல்லிக்கொடுக்க வருடங்கள் வேண்டும்.

இது நம்மூர்ச் சமாச்சாரம் மட்டுமில்லை. லிடில் என்ற ஜெர்மன் சூப்பர் மார்க்கெட் கம்பெனி ஏழு வருடம் எஸ்.ஏ.பி.யோடு போராடி, சுமார் 50 கோடி யூரோ செலவழித்த பிறகு 2018-இல் கைவிட்டது. அப்போது வெளிவந்த செய்திகளில் பெரிதாகச் சொல்லப்பட்ட காரணம், அவர்கள் கையிருப்பை வாங்கின விலையில் மதிப்பிடுவார்கள், மென்பொருளோ விற்பனை விலையை வைத்துக் கட்டப்பட்டது என்பதுதான். இரண்டு தரப்பும் இறங்கி வரவில்லை. அத்தனை பெரிய கம்பெனியையே சரக்குக்கு என்ன விலை போடுவது என்ற கணக்குக் கேள்வி கவிழ்த்திருக்கிறது.

இன்ஸ்டிடியூட் விஷயத்துக்கு வருகிறேன். எல்லோரும் மோசமில்லை, நல்லவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ‘வேலைக்கு உத்தரவாதம்’ என்று போர்டு வைத்து, லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு, கடைசியில் “மூன்று வருட அனுபவம் போட்டுத் தருகிறோம், இன்டர்வியூவில் சமாளித்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லும் கூட்டம் ஒன்று உண்டு. பார்க்காத வேலைக்குப் பொய்ச் சான்றிதழ், அதற்குத் தனிக் காசு வேறு. பெற்றவர்களுக்கு இது புரியவே புரியாது. ஏதோ டிரெயினிங் சர்டிபிகேட் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். நம்பரைப் போட்டால் எந்தக் கம்பெனியில் எப்போது சேர்ந்தீர்கள், எப்போது விலகினீர்கள் என்று வரிசையாக வந்துவிடும். பெரிய கம்பெனிகள் ஆள் எடுத்த பிறகும் இதைச் சரிபார்க்கின்றன. சேர்ந்து ஆறு மாதம் கழித்து வெளியே அனுப்பப்பட்டவர்களை எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை எங்கே போய் நிற்கும்?

படித்துத்தான் பார்க்க வேண்டும் என்றால் எஸ்.ஏ.பி.யே தன் தளத்தில் இலவசப் பாடங்கள் வைத்திருக்கிறது. அபாப் பழக ட்ரையல் வசதியும் உண்டு. ஒரு மாதம் அதில் உட்கார்ந்து, பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் பணத்தைப் பற்றி யோசிக்கலாம்.

சரி, சம்பளம். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குப் பெரிய ஐ.டி. கம்பெனிகள் வருடத்துக்கு மூன்றரை லட்சம் சுற்றித்தான் கொடுக்கின்றன. பத்து வருடத்துக்கும் மேலாக அந்த எண் பெரிதாக நகரவில்லை. எஸ்.ஏ.பி. என்ற பெயரால் அது இரண்டு மடங்காகிவிடாது. நான் பார்க்கிற ஆஃபர்களில், ஒரு கம்பெனிக்கு எஸ்.ஏ.பி.யைப் புதிதாக அமைத்துக் கொடுக்கும் இம்ப்ளிமென்டேஷன் வேலையை இரண்டு தடவை முழுசாகப் பார்த்த ஐந்து வருட ஆளுக்குப் பத்து முதல் பதினைந்து லட்சம், பத்து வருடம் தாண்டி நல்ல பெயர் எடுத்தவருக்கு இருபத்தைந்துக்கு மேல் என்று போகிறது. ஐம்பது லட்சக்காரர்களும் உண்டு. அவர்கள் எண்ணிக்கையில் கொஞ்சம். அந்த எண்ணைத்தான் பேனரில் பெரிதாக அடிக்கிறார்கள். இன்னொன்று, சி.டி.சி. என்று ஆஃபரில் போடும் மொத்தத் தொகை வேறு, கையில் வருவது வேறு. அதிலே பி.எஃப்., கிராஜுவிட்டி, ‘வேரியபிள்’ என்று கம்பெனி லாபத்தைப் பொறுத்த ஒரு துண்டு எல்லாம் அடங்கும். வேளச்சேரியில் வாடகை கொடுத்து, மாதம் ஒரு தடவை நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து போகிறவர் கையில் மிஞ்சுவதைக் கூட்டிப் பாருங்கள்.

வேலையின் தன்மையையும் யாரும் சொல்வதில்லை. இம்ப்ளிமென்டேஷன் என்றால் புது சிஸ்டம் ஓடத் தொடங்கும் கோ-லைவ் நேரத்தில் தீபாவளி, பொங்கல் கிடையாது. சப்போர்ட் என்றால் ஐரோப்பா, அமெரிக்கா நேரத்துக்கு ஷிப்ட். மாதக் கடைசி நாட்களில் கணக்கு மூடும்போது கல்யாணத்துக்குக்கூட லீவு கேட்க முடியாது. தன் அக்கா மகள் கல்யாணத்தன்று பாளையங்கோட்டையில் மண்டப மாடிப்படியில் உட்கார்ந்து லேப்டாப்பில் பேலன்ஸ் தேடிய ஆளை நான் பார்த்திருக்கிறேன்.

நம் பக்கத்து நிலைமைக்கு வருவோம். தென்காசி அருகே மத்தளம்பாறையில் சோஹோ இருக்கிறது, ஊரிலேயே ஐ.டி. வேலை நடக்கும் என்று காட்டியது, சந்தோஷம். ஆனால் அது சொந்தமாக மென்பொருள் செய்து விற்கிற கம்பெனி. நான் சொல்லும் தொழில் வேறு. இந்தத் தொழிலுக்கு நம்மிடம் இருக்கிற சொத்து, தூத்துக்குடித் துறைமுகம், தாழையூத்து சிமென்ட், கங்கைகொண்டானில் டயரும் சோலாரும் செய்கிற ஆலைகள். அங்கே ஸ்டோரிலும் டிஸ்பாட்சிலும் கணக்கிலும் இருக்கிறவர்கள். சேவியர் காலேஜில் பி.காம். முடித்து ஆலைக்கணக்கில் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடும் ஒரு பெண்ணுக்கு, இன்ஜினியரிங் முடித்த பையனைவிட எஸ்.ஏ.பி. ஃபைனான்ஸ் சீக்கிரம் பிடிபடும். டேலி என்ற கணக்கு மென்பொருளில் வேலை பார்த்ததை ரெசியூமில் எழுதக் கூச்சப்படுகிறார்கள். எதற்குக் கூச்சம்? பேரேடு தெரிந்தவருக்கு மென்பொருள் மாறினால் பட்டன் இருக்கும் இடம்தான் மாறும்.

ஏ.ஐ. வந்து எல்லாம் போய்விடுமா என்றும் கேட்கிறார்கள். போகிற வேலை நிச்சயம் உண்டு. சின்னச் சின்ன அபாப் ரிப்போர்ட், டெஸ்ட் ஸ்கிரிப்ட், ஒரே மாதிரி வரும் சப்போர்ட் டிக்கெட், இவையெல்லாம் குறைந்துகொண்டே வரும். எஸ்.ஏ.பி.யே 2023-இல் ஜூல் என்று ஒரு ஏ.ஐ. உதவியாளரை அறிவித்து, ஒவ்வொரு ஸ்கிரீனிலும் நுழைத்துக்கொண்டிருக்கிறது. புதுப் பிள்ளைகள் கால் வைக்கும் முதல் படியே இந்த வேலைகள்தான் என்பதால் அவர்களுக்குத்தான் அடி. கரியில் தண்ணீர் இருக்கும் என்று சொல்லும் அண்ணாச்சிக்கு இப்போதைக்குப் பயமில்லை என்பது என் எண்ணம்.

ஆகவே ஆலையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். உங்கள் கம்பெனிக்கு எஸ்.ஏ.பி. வருகிறது அல்லது புதுப் பதிப்புக்கு மாறுகிறது என்று காதில் விழுந்தால், கீ யூசராக, அதாவது நம் பிரிவின் சார்பில் கன்சல்டன்ட்டோடு கூட உட்காரும் ஆளாக, என்னைப் போடுங்கள் என்று மேனேஜரிடம் போய் நில்லுங்கள். மற்றவர்கள் சம்பளமில்லாத எக்ஸ்ட்ரா வேலை என்று ஒதுங்குவார்கள், ஒதுங்கட்டும். டெஸ்டிங்கில் உட்காருங்கள், பழைய ஸ்டாக்கைப் புதிய சிஸ்டத்துக்கு ஏற்றும் ராத்திரியில் கூட இருங்கள். எந்த என்ட்ரிக்கு எந்தக் கணக்கு அடிபடுகிறது என்று எழுதி வையுங்கள். ரெசியூமில் முதல் வரியாக வர வேண்டியது அந்த அனுபவம்தான். அப்புறம் சென்னையிலோ பெங்களூரிலோ இன்டர்வியூ முடிந்து ஹெச்.ஆர். பேசும்போது, “இப்போது வாங்கும் சம்பளத்தில் முப்பது சதவீதம் கூட்டித் தருகிறோம்” என்பார்கள். ஆலையில் மாதம் 22,000 வாங்கிக்கொண்டிருப்பவருக்கு அந்தக் கணக்குக் கட்டுப்படியாகாது. இந்த வேலைக்கு நீங்கள் வைத்திருக்கும் சம்பளம் என்ன என்று திருப்பிக் கேளுங்கள்.