மல்டிடூல் மட்டும் போதாது
புயல், வெள்ளம் மாதிரி ஆபத்துக்குத் தயாராக வைக்கும் அவசரகாலப் பை பற்றிய ஒரு கட்டுரையில், "பையில் மல்டிடூல் (இடுக்கி, கத்தி, ரம்பம் எல்லாம் மடங்கி அடங்கிய ஒரே கருவி) இருந்தால் தனிக் கத்தி தேவையில்லை" என்று இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த அன்று காலை, எங்கள் வாசலை அடைத்துக்கொண்டு தென்னை விழுந்து கிடந்தது. மல்டிடூலின் சின்ன ரம்பம் ஒரு மட்டையைக்கூட முழுசாக அறுக்கவில்லை. வழி உண்டாக்கியது அப்பாவின் அரிவாள்தான். கூரைத் தகரத்தைப் பிணைத்திருந்த கட்டுக்கம்பியை அவிழ்க்க மல்டிடூலின் இடுக்கி நன்றாகவே உதவியது, அதை மறுக்கவில்லை. அப்புறம் இன்னொன்று: விரித்த அலகை மடங்காமல் பிடித்துக்கொள்ளும் பூட்டு இல்லாத மடக்குக் கத்தியை அழுத்திக் குத்தினால் சட்டென்று மடங்கி விரலில் இறங்கும். தம்பிக்கு ஆள்காட்டி விரல் அப்படித்தான் கிழிந்தது. பிடியின் கடைசிவரை இரும்பு ஓடுகிற, மடங்காத கத்தி ஒன்றைக் கட்டாயம் பையில் சேர்த்துக்கொள்ளுங்கள். கடலோரத்தில் இருப்பவர்கள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகப் பார்த்து வாங்குங்கள். கார்பன் ஸ்டீல் என்றால் எண்ணெய் தடவி வைக்காவிட்டால் சீக்கிரமே துரு ஏறிவிடும்.