கோர்ட்டில் எடுபடாத வக்கீல்

அமெரிக்க பேஸ்பால் நிர்வாகி பிராஞ்ச் ரிக்கி என்றாலே, கறுப்பின ஆட்டக்காரர் ஜாக்கி ராபின்சனைக் கொண்டுவந்து பேஸ்பாலில் நிறவெறியை உடைத்த மகான் என்று கும்பிடுகிறார்கள். சரி, கும்பிடட்டும். எனக்கு அவர் பழுத்த வக்கீலாகத்தான் தெரிகிறார்.

ஆட்டக்காரராக அவர் கதை சீக்கிரமே முடிந்துவிட்டது. அமெரிக்காவின் உச்ச லீகான மேஜர் லீகில் மொத்தமே 120 ஆட்டம், அதிலும் ஞாயிற்றுக்கிழமை ஆடமாட்டேன் என்ற பிடிவாதம் வேறு. அவர் கேட்சர், அதாவது நம் விக்கெட் கீப்பர் மாதிரி. எதிரணி ஆள் பேஸ் திருட, அதாவது பந்தை யாரும் அடிக்காதபோதே அடுத்த பேஸுக்கு (ஓடிப்போய்ச் சேரவேண்டிய இடத்துக்கு) ஓடினால் பந்தை எறிந்து அவுட்டாக்க வேண்டியவரும் அவர்தான். 1907 ஜூன் 28 அன்று கைவலியோடு நின்ற ரிக்கியிடம் வாஷிங்டன்காரர்கள் ஒரே ஆட்டத்தில் 13 பேஸ் திருடினார்கள். அப்புறம் காசநோய். தேறி வந்து மிச்சிகனில் சட்டம் படித்து, ஐடஹோ மாநிலம் பாய்சியில் போர்டு மாட்டினார். கிடைத்தது ஒரே கட்சிக்காரராம், அந்த ஆளும் ஜெயிலில் இவரைப் பார்த்ததுமே விரட்டிவிட்டாராம்! பேசாமல் பேஸ்பாலுக்கே திரும்பி, நிர்வாகத்துக்குப் போய்விட்டார்.

ஆனால் வக்கீல் புத்தி எங்கே போகும்? 1945 ஆகஸ்ட் 28, தான் நடத்திய புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் ஆபீஸில் ராபின்சனை உட்காரவைத்து ஏறக்குறைய மூன்று மணி நேரம், ரூம் தர மறுக்கும் ஓட்டல்காரனாகவும் வேண்டுமென்றே மோதிவிட்டு வசைபாடும் ஆட்டக்காரனாகவும் மாறி மாறி நடித்து, முகத்துக்கு நேரே கேவலமாகத் திட்டி, இதையெல்லாம் திருப்பி அடிக்காமல் தாங்குவாயா என்று கேட்டார். எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணைக்குச் சாட்சியைத் தயார்படுத்தும் வேலைதானே இது?

அதுவரை எனக்கும் மரியாதைதான். உறுத்துவது அடுத்தது. ராபின்சன் அப்போது கறுப்பினத்தவர் லீகில் கான்சாஸ் சிட்டி மோனார்க்ஸ் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தார். அந்த அணிக்கு ரிக்கி ஒரு டாலர்கூடக் கொடுக்கவில்லை. முறையான ஒப்பந்தம் இல்லை, அது ஒழுங்கான லீகே இல்லை என்று வாதம் வேறு. மோனார்க்ஸ் முதலாளிகள் முதலில் எகிறினார்கள். ஆனால் ஒரு கறுப்பின ஆட்டக்காரரின் வழியை மறிக்கிறார்கள் என்ற பேர் வந்துவிடுமே, அடங்கிப்போனார்கள். இத்தனைக்கும் தங்கள் லீகில், அணி விடும்வரை ஆட்டக்காரர் வேறெங்கும் போகமுடியாதபடி கட்டிப்போட்ட விதியை எதிர்த்தவர்களுக்குக் கம்யூனிஸ்ட் சாய்வு என்று 1949ல் பேசியவரும் இதே ரிக்கிதான். அவர் செய்தால் மட்டும் ஒப்பந்தம் புனிதமாகிவிடும் போல.

காலம் அப்படி என்று யாராவது வருவீர்கள். 1947ல் லாரி டோபி என்ற கறுப்பின ஆட்டக்காரரைத் தன் கிளீவ்லாந்து அணிக்கு எடுத்த முதலாளி பில் வீக், டோபியின் பழைய அணியான, கறுப்பினத்தவர் லீகின் நியூவார்க் ஈகிள்ஸுக்குப் பணம் கொடுத்துத்தான் எடுத்தார். ரிக்கியைக் கொண்டாடும்போது மோனார்க்ஸ் பேரையும் ஒரு தடவை சொல்லுங்கள், அவ்வளவுதான்.