நித்திரை வருகிறது, படுக்கத்தான் மனம் வரவில்லை

நேற்றிரவு ஒரு மணிக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? எந்த நாட்டிலோ ஒருவன் அழுக்குக் கார்ப்பெட் ஒன்றுக்குத் தண்ணீர் அடித்துக் கழுவுகிற வீடியோ. முழுவதும் பார்த்தேன். எங்கள் வீட்டில் கார்ப்பெட்டே கிடையாது, இருப்பது இரண்டு பாய். கண் எரிகிறது, கை தளர்ந்து போன் மூக்கில் விழுகிறது, மூக்கைத் தடவிக்கொண்டு அடுத்த வீடியோவைத் தட்டுகிறேன். நுளம்பு வலைக்குள் அந்த வெளிச்சத்தில் என் முகத்தை யாராவது பார்த்திருந்தால் பேய் என்று ஓடியிருப்பார்கள்.

விடிய 4.45க்கு எழும்ப வேண்டும். தெரியும். தெரிந்தும்தான்.

உடனே "போனைத் தூக்கித் தூர வை" என்று சொல்ல வருகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள், முதலில் என்னுடைய நாளைக் கேளுங்கள். எழும்பினால் குசினி, புட்டு, சொதி, பிள்ளைக்குச் சாப்பாடு கட்டி, கொக்குவிலில் இருந்து ஸ்கூட்டியில் யாழ்ப்பாண ரவுனுக்குக் கந்தோர், பின்னேரம் ரியூசன் வாசலில் காவல், வந்து இரவுச் சமையல், பிள்ளையின் வீட்டுப்பாடம், கோப்பை கழுவி முடியப் பத்தரை. அந்த நேரம் பார்த்துத்தான் கனடா ஓய்வெடுக்கும். பெரியம்மாவுக்கு அங்கே மதியம் ஒரு மணி, சாப்பிட்டுவிட்டு ஆறுதலாக வட்ஸ்அப்பில் எடுத்து, "என்ன பிள்ளை, படுத்திட்டியளோ?" என்பார். ஒன்பதரை மணித்தியால வித்தியாசத்தை விளக்கி விளக்கி நான் தோற்றுப்போனேன்.

ஆக, வீடு அடங்கப் பதினொன்றரை. அப்போது ஒருத்தரும் என்னை "அம்மா" என்றோ "மிஸ்" என்றோ கூப்பிடுவதில்லை. முழு நாளிலும் எனக்கென்று கிடைக்கிற முதல் அரை மணித்தியாலம் அதுதான், அதையும் நித்திரைக்குக் கொடுத்துவிடவா? சீனாவில் இதற்குப் பழிவாங்க விழித்திருப்பது என்றே பெயர், பகலில் தன் நேரத்தைப் பறித்தவர்களை இரவில் பழிவாங்குவதாம். அருமையான பெயர். ஆனால் பழி யார் தலையில் விழுகிறது? கந்தோர் நிம்மதியாகப் பூட்டிக் கிடக்கிறது. அடி முழுக்க விடிய எழும்புகிற எனக்கு.

2014இல் நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இதைப் பற்றி எழுதினார்கள். தடுக்கிறதற்கு வெளியில் ஒரு காரணமும் இல்லாமலே, நினைத்த நேரத்துக்குப் படுக்கப் போகாமல் விடுவது. சுயகட்டுப்பாடு குறைந்தவர்களிடம் இது கூடுதலாம். வாசித்த உடனே எனக்குக் கொதித்தது. கந்தோரில் மேசைக்கு முன்னால் நின்று கத்துகிறவருக்கு எட்டு மணித்தியாலம் சிரித்துப் பதில் சொல்கிறேனே, அது கட்டுப்பாடு இல்லாமல் வேறென்ன? இரவாகும்போது அந்தச் சரக்குத் தீர்ந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

1997இல் அவுஸ்திரேலியாவில் ஒரு பரிசோதனை செய்தார்கள். 17 மணித்தியாலம் தொடர்ந்து விழித்திருந்தவர்களின் கையும் கண்ணும், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவர்களுடையதைப் போலவே தடுமாறின. 4.45இல் இருந்து எண்ணிப் பாருங்கள், இரவு 9.45க்கே எனக்கு வெறி. அதற்குப் பிறகு "காணும், படு" என்று சொல்ல வேண்டியவளும் அதே வெறிக்காரிதான். தவறணைச் சாவியைக் குடிகாரனிடம் கொடுத்துவிட்டு, ஏன் இன்னும் பூட்டவில்லை என்று கேட்கிற கதை.

சரி, படுத்தால் உடனே நித்திரை வருகிறதா என்றால் அதுவும் இல்லை. பின்னேரம் ஐந்து மணிக்குச் சோம்பல் முறிக்கக் குடித்த தேத்தண்ணியின் கஃபேனில் பாதியளவு பத்து மணிக்கும் உடம்பில் நிற்கும், போன் வெளிச்சம் நித்திரைக்கு உடம்பைத் தயாராக்கும் மெலற்றோனினைப் பிந்தச் செய்யும். புரண்டு புரண்டு ஒன்றரைக்குக் கண் அயர்ந்தால் மிச்சம் மூன்றேகால் மணித்தியாலம். பெரிய ஆட்களுக்கு 7 மணித்தியாலமாவது வேண்டும், எனக்கு அதில் பாதியும் இல்லை. ஆழ்ந்த நித்திரை முதலில் வருவதால் அது ஓரளவு தப்பிவிடும், விடியப்புறம் நீளமாக வர வேண்டிய கனவு நித்திரைதான் வெட்டுப்படுகிறது. மனம் நிதானமாக இருக்க வேண்டியதே அதுதான். பிள்ளையோடு நான் காலையில் எரிந்து விழுவது ஏனென்று இப்போது விளங்குகிறதா?

போன கிழமை சொதிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டேன். பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டி என் கைப்பையில், என் மூக்குக்கண்ணாடி அவன் பள்ளிக்கூடப் பையில். அதெல்லாம் போகட்டும். வியாழக்கிழமை கொக்குவில் ரயில் கடவையில், ரயில் போய், கேற் எழும்பி, எதிரில் நின்றவர்கள் எல்லாம் கடந்து போன பிறகும் நான் ஒரு காலை ஊன்றியபடி தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். கண் திறந்துதான் இருந்தது. பின்னால் நின்ற மீன்காரர் ஹோன் அடித்து, "தங்கச்சி, ரயில் போட்டுது!" என்றார். சிரித்துவிட்டு வெளிக்கிட்டேன். ஓடிக்கொண்டிருக்கும்போது அப்படி நின்றுபோயிருந்தால் என்ற யோசனை கந்தோர் வாசலில்தான் வந்தது, ஸ்கூட்டித் திறப்பை இழுக்கக் கை உதறியது.

அம்மாவைப் பார்த்தால் இன்னும் எரிச்சல். தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாத யாழ்ப்பாணத்தில், குப்பி விளக்கில் மண்ணெண்ணெய் மிச்சம் பிடிக்க எட்டு மணிக்கே படுத்துப் பழகியவர், இன்றைக்கும் எட்டரைக்குக் குறட்டை. ஷெல் சத்தத்துக்குள் நித்திரை கொண்ட மனுசியின் மகளுக்கு ஒரு கார்ப்பெட் போதும், நித்திரை போய்விடும்.

என் கணவரோ படுத்து இரண்டு நிமிடத்தில் ஆள் இல்லை. விடிய என் முகத்தைப் பார்த்து, "வேளைக்குப் படுத்திருக்கலாம்தானே?" என்று மட்டும் கேட்பார். நேற்றுக் கேட்டபோது சொன்னேன்: "இஞ்சேருங்கோ, இண்டைக்குக் கோப்பையையும் வீட்டுப்பாடத்தையும் நீங்கள் பாருங்கோ, பெரியம்மா எடுத்தாலும் நீங்களே கதையுங்கோ, நான் ஒன்பதரைக்குப் படுத்துக் காட்டுறன்."

கொஞ்சம் யோசித்துவிட்டு, "நாளைக்குப் பாப்பம்" என்றார்.