‘4 பேர் கூடாரம்’: ஒரு சின்னத் திருத்தம்

‘4 பேர்’ என்று போட்டிருக்கும் கூடாரத்தில் நான்கு பேர் கொண்ட குடும்பம் பைகளோடு தாராளமாகத் தங்கலாம் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அது சரியல்ல. பொதுவாக அந்த எண், நான்கு பேர் தோளோடு தோள் ஒட்டிப் படுக்கும் இடத்தைத்தான் குறிக்கிறது. பைகள் அந்தக் கணக்கில் வராது.

நீங்களே சரிபார்க்கலாம். கூடாரத்தின் விவரக் குறிப்பில் தரை அளவைப் பாருங்கள். அகலம் 240 செ.மீ. என்றால் ஆளுக்கு 60 செ.மீ. தான். சுவர் சாய்வாக இருந்தால் ஓரத்தில் படுப்பவருக்கு அதுவும் முழுசாகக் கிடைக்காது. ஈரமான கூடாரத் துணி முகத்தில் உரசும். அப்புறம், வீட்டுத் தரையில் அதே அளவுக்கு டேப் ஒட்டி, பாய் விரித்து, எல்லோரும் ஒருமுறை படுத்துப் பாருங்கள். குழந்தை தூக்கத்தில் உருள எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று அப்போதே தெரிந்துவிடும். நான்கு பேருக்கு 6 பேர் அளவு வாங்குங்கள் என்றுதான் நான் சொல்வேன்.